கிரீன் பிஸ்கட் பக்: பாஸுக்கு அருமை, கோலுக்கு அடித்தால் உடையும்

தார்த்தளத்திலோ சிமெண்ட் தரையிலோ இன்லைன் ஹாக்கி (சக்கரக் காலணி மாட்டி ஆடும் ஹாக்கி) பழகுகிறவர்களின் தீராத தலைவலி, பக் (பந்துக்குப் பதிலாக அடிக்கும் தட்டையான வட்டு) படுத்த வாக்கில் போகாததுதான். பாஸ் கொடுத்ததும் விளிம்பில் எழுந்து நின்று, வண்டிச் சக்கரம்போல உருண்டு ஓடிவிடும். இந்த ஆட்டத்துக்கான சாதாரண ரோலர் பக்கின் இரு முகங்களிலும் சிறு பிளாஸ்டிக் குமிழ்கள் துருத்திக்கொண்டிருக்கும். வழவழப்பான உள்ளரங்கத் தளத்தில் அவற்றின்மேல் பக் வழுக்கிக்கொண்டு போகும். சொரசொரப்பான தரையிலோ ஒவ்வொரு மேடும் குமிழைத் தட்டும், பக் அதிரும், அதிர்வு கூடக்கூட ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். குமிழ்கள் ஏறுக்கு மாறாகத் தேய்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

இப்படிப்பட்ட தரையில் பழகுவதற்கென்றே செய்த கிரீன் பிஸ்கட் பக்கில் குமிழே கிடையாது. அளவு ஏறத்தாழ ஐஸ் ஹாக்கி பக்கின் அளவுதான்: 7.6 செ.மீ. விட்டம், 2.5 செ.மீ. தடிமன். ஆனால் இரண்டு பாதிகளைச் சற்றுத் தளர்வாகப் பிணைத்திருக்கிறார்கள். குலுக்கினால் லொடலொடக்கும், பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள், சூட்சுமமே அதில்தான். கீழ்ப்பாதி மேட்டில் இடித்துத் துள்ளும்போது மேல்பாதி அதன்மீது உராய்ந்து அந்தத் துள்ளலை விழுங்கிவிடுகிறது. அதனால் பக் தரையோடு ஒட்டியே போகிறது. தூக்கிக் கொடுக்கும் பாஸும் விழுந்த இடத்தில் பெரிதாகக் குதிக்காமல் படிகிறது.

அதற்காக எப்படித் தள்ளினாலும் நேராகப் போகும் என்றில்லை. பக்கை பிளேடின் (ஸ்டிக்கின் அடியில் வளைந்த தட்டைப் பகுதி) குதிகால் பக்கம், அதாவது தண்டோடு சேரும் முனையில் வைத்துத் தொடங்கி, நுனி நோக்கி உருட்டிவிட்டால் சுழற்சி கிடைக்கும். சுழலும் பக்தான் படுத்தபடி போகும். பிளேடின் நடுவில் வைத்து மொட்டையாகத் தள்ளினால் இதுவும் சில சமயம் எழுந்து நிற்கும். தளர்ந்த சரளை கிடக்கும் இடத்தில் எந்தப் பக்கும் தோற்கும். முதலில் துடைப்பத்தை எடுங்கள்.

இனி முக்கியமான குறை. இது ஸ்டிக்கால் கையாளவும் பாஸ் பழகவும் செய்த பக். கோலுக்கு ஓங்கி அடிப்பதற்கு ஆனதல்ல என்று தயாரிப்பாளரே சொல்கிறார். கம்பத்திலோ சுவரிலோ வேகமாக மோதினால் பிணைப்பு விட்டுப் பாதிகள் பிரியலாம், மேலோட்டிலும் விரிசல் விழலாம். இரண்டு அணியாகப் பிரிந்து ஆடும்போது யாராவது ஒருவர் அடித்தே தீருவார் என்பதால், ஆட்டத்துக்கு வேறு பக்கை எடுப்பதே நல்லது. விரிசல் கண்டதும் தூர எறியுங்கள். உடைந்த விளிம்பு கூராக இருக்கும்.

பாதிகளின் இடுக்கில் மணல் புகுந்தால் அசைவு குறைந்து பழையபடி துள்ளத் தொடங்கும். தட்டி உதறினால் போதும். விளிம்பில் பிசிறு கிளம்பினால் நைஸ் உப்புத்தாளால் தேயுங்கள். தார்த்தளம் பக்கைவிட பிளேடைத்தான் வேகமாகத் தின்னும். விலை கூடிய காம்போசிட் (கார்பன் இழைக் கலவை) ஸ்டிக்கை வீட்டில் வைத்துவிட்டு, ஏபிஎஸ் எனும் கெட்டிப் பிளாஸ்டிக் பிளேடு உள்ளதைக் கொண்டுபோங்கள்.

உள்ளரங்கப் போட்டிக்குத் தயாராகிறவர்கள் இதை மட்டும் நம்பக் கூடாது. குமிழ் வைத்த பக் அந்தத் தளத்தில் வேறு வேகத்தில் வரும், பிளேடில் பட்டதும் தெறிக்கும். போட்டிக்கு முந்தைய பயிற்சிகளில் அதையே எடுத்து ஆடுங்கள்.