உம்ராவுக்குத் திருச்சியா, மதுரையா, சென்னையா? காரைக்குடியிலிருந்து ஓர் அலசல்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் மக்காவுக்கான புனிதப் பயணமான உம்ராவுக்குப் புறப்படுவோர் டிராவல்ஸ்காரரிடம் முதலில் கேட்பது கட்டணத்தை. எந்த ஏர்போர்ட் என்பது அதற்குப் பிறகுதான். எழுபதைக் கடந்த அத்தாவையும் முழங்கால் வலியுள்ள அம்மாவையும் அழைத்துச் சென்று திரும்பிய பிறகு, இந்த வரிசை தலைகீழாக இருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. (அரசின் ஹஜ் கமிட்டி வழியாக ஹஜ்ஜுக்குச் செல்வோருக்கு இந்தக் கேள்வியே எழுவதில்லை. தமிழ்நாட்டில் அவர்களுக்கான புறப்பாட்டு இடம் சென்னை மட்டுமே; 2022இல் கொச்சிக்குப் போக நேர்ந்து, 2023இல் மீண்டும் சென்னை கிடைத்தது.)

திருச்சியும் மதுரையும் நமக்கு ஏறக்குறைய 90 கி.மீ. தொலைவுதான். ஆனால் திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையிலேயே, ஊருக்குள் நுழையும் முன்பே வந்துவிடுகிறது. மதுரையிலோ மேலூர் தாண்டியதும் சுற்றுச்சாலையைப் பிடித்து நகரின் தென்புறம் வரை போக வேண்டும். மேலும், மதுரையில் வெளிநாட்டு விமானங்கள் குறைவு. வெளிநாட்டுக்குச் சம்பாதிக்கப் போகும் சபராளிகளால் வளர்ந்த திருச்சியிலிருந்து வளைகுடா நகரங்கள் பலவற்றுக்கு விமானம் உண்டு. ஆண்டுக்கு 44 லட்சம் பயணிகளுக்கென்று கட்டப்பட்ட புதிய முனையம் 2024 ஜூன் 11 முதல் இயங்குவதால், பழைய கட்டடத்தின் நெரிசலும் இல்லை. ஆகவே மதுரையை இங்கேயே விட்டுவிடலாம்.

சென்னையின் பலம் ஜெட்டாவுக்கு நேரடி விமானம் இருப்பது. அதற்காக 400 கி.மீ.க்கு மேல் ரயிலிலோ வேனிலோ போக வேண்டும். வழியனுப்ப வரும் உறவுக்கூட்டமும் காரைக்குடி ஸ்டேஷனோடு நின்றுவிடும். ஆனாலும் இடையில் விமானம் மாறத் தேவையில்லை என்பது சிறிய வசதியன்று, குறிப்பாக இஹ்ராம் (உம்ராவுக்கு ஆண்கள் உடுத்தும் தையலில்லாத துணி) விஷயத்தில்.

ஜெட்டாவில் இறங்குவதற்கு முன்பே, வானத்தில் இருக்கும்போதே இஹ்ராம் இல்லாமல் தாண்டக் கூடாத மீகாத் எல்லை கடந்துவிடுவதால், அதற்குள் இஹ்ராம் உடுத்தி, உம்ராவுக்கென்று மனத்தில் உறுதிகொள்ளும் நிய்யத் வைத்தாக வேண்டும். சென்னையிலிருந்து போவோர் வீட்டிலோ லாட்ஜிலோ நிதானமாகக் குளித்து உடுத்திக்கொண்டு ஏறலாம். நாங்கள் திருச்சியிலிருந்து வளைகுடா வழியாக ஜெட்டா போனோம். அத்தா இடைநிலையத்தின் கழிப்பறையில்தான் உடை மாற்றினார். ஈரத் தரையில் துணி படாமல் இருக்க மேல்துண்டின் ஒரு முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு, இடுப்பு பெல்ட்டை நான் வெளியிலிருந்து கதவுக்கு மேலாக நீட்ட, அவர் கட்டி முடிப்பதற்குள் விமானத்துக்கான கடைசி அழைப்பே வந்துவிட்டது.

இந்தச் சிக்கலுக்குத் தீர்வு, ஏறும் ஊரை மாற்றுவதில் அல்ல, இறங்கும் ஊரை மாற்றுவதில் இருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. முதலில் மதீனாவில் இறங்கினால் வழி முழுவதும் சாதாரண உடையிலேயே போகலாம். சில நாள் ஜியாரத்தும் (புனித இடங்களைப் போய்ப் பார்ப்பது) ஓய்வும் முடிந்த பின், மக்கா செல்லும் வழியில் நபிகளாரின் பள்ளிவாசலான மஸ்ஜிதுன் நபவியிலிருந்து பத்து கி.மீ. அளவில் உள்ள, மதீனாவிலிருந்து போவோருக்கான மீகாத்தான துல்ஹுலைஃபாவில் பஸ்ஸை நிறுத்தி, குளிப்பதற்கென்றே கட்டியிருக்கும் இடத்தில் இஹ்ராம் அணிந்துகொள்ளலாம். அங்கிருந்து மக்கா 450 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு, பயணம் நீளம்தான். திரும்பும்போது ஜெட்டாவில் ஏறினால், மக்காவிலிருந்து அதிகம் போனால் 100 கி.மீ. தான்.

எனவே திருச்சியில் ஏறி, மதீனாவில் இறங்கி, ஜெட்டாவிலிருந்து திரும்புவதையே நான் தேர்ந்தெடுப்பேன். இடையில் மாறும் இரண்டு விமானங்களும் ஒரே டிக்கெட்டில் இருக்க வேண்டும். தனித்தனியாக எடுத்தால் இடையில் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டிவரும், மக்காவின் புனித நீரான ஜம்ஜம் உள்ள ஐந்து லிட்டர் கேனை இரண்டாவது விமானத்தில் கூடுதல் சுமையாகவும் கணக்கிடக்கூடும். இடைநிலையத்தின் நீண்ட நடையைத் தாங்க முடியாதவர்களுக்கு மட்டும் சென்னை. அவர்களுக்கான வீல்சேரை கவுண்ட்டரில் போய்க் கேட்காமல், டிக்கெட் போடும்போதே பதிந்துவிடச் சொல்லுங்கள்.