பாத்தேக் சாயத் தண்ணீர்: படிகாரமா, பாக்டீரியாவா?

நாளுக்கு 10 கன மீட்டர் சாயத் தண்ணீர் விடும் பாத்தேக் (மெழுகு தடவிச் சாயமேற்றும் துணி) பட்டறை ஒன்று பினாங்கில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மலேசியாவின் 2009 தொழிற்சாலைக் கழிவுநீர் விதிமுறைப்படி நிறம் 200 ஏ.டி.எம்.ஐ.க்குள் (நீரின் நிறத்தை அளக்கும் அலகு) இருக்க வேண்டும். குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேல்பகுதி என்றால் 100. நிறம் நீக்கும் வழிகளில் ஓசோனும் கரித்தூளும் இந்த அளவுப் பட்டறைக்குக் கட்டாது. மிஞ்சுவது சாயத்தைத் திரட்டிப் படியவைக்கும் படிகாரமும் (இங்கே அலுமினியம் சல்பேட்), சாயத்தை உடைக்கும் பாக்டீரியாவும். இடம் இருந்தால் பாக்டீரியாதான் என் தேர்வு.

படிகாரத்தின் பலம் வேகம். காலையில் கலக்கினால் மாலையில் தெளியும், ஆள் பழக்குவதும் எளிது. ஆனால் துணி இழையோடு பிணையும் ரெமசோல் வகை ரியாக்டிவ் சாயம் நீரில் நன்றாகக் கரைந்து நிற்பதால் எளிதில் பிடிபடாது. அளவைக் கூட்டிக்கொண்டே போக வேண்டிவரும். கணக்கு சேற்றில்தான் உதைக்கிறது. லிட்டருக்கு 500 மில்லிகிராம் போட்டால் நாளுக்கு 5 கிலோ படிகாரம். அது 1.3 கிலோ அலுமினியம் ஹைட்ராக்சைடாகிறது. தொட்டி அடியில் 2 சதவீதக் கூழாக நிற்கும்போது அதன் எடை 65 கிலோ. பிழிந்து 20 சதவீதக் கட்டியாக்கினாலும் 6.5 கிலோ, 26 வேலைநாளில் 170 கிலோ வரும். பிடிபட்ட சாயமும் மெழுகும் இதற்கு மேல். சாயச் சேறு அட்டவணைக் கழிவு (சட்டப் பட்டியலில் உள்ள ஆபத்தான கழிவு) என்பதால் குப்பை லாரியில் ஏற்ற முடியாது. 180 நாளுக்குள், 20 டன் சேருமுன், உரிமம் பெற்ற நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். மாதா மாதம் கையைக் கடிப்பது படிகார விலை அல்ல, இந்தச் செலவுதான்.

பாக்டீரியா முறையிலும் சேறு உண்டு. ஆனால் நாம் கொட்டும் இரசாயனம் அதைப் பெருக்காது. வேலை இரண்டு கட்டமாக நடக்கும். முதல் தொட்டியை மூடி, காற்று விடாமல் மெதுவாகக் கலக்கி ஒரு நாள் வைத்தால், அசோ வகைச் சாயத்தின் நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பு உடைந்து நிறம் போகும். சாயம் மட்டும் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு ஆகாது. மரவள்ளி மாவுக் கஞ்சி கொடுக்க வேண்டும். யூரியா கலந்த சாயம் என்றால் நைட்ரஜனுக்குக் குறைவிராது, பாஸ்பரஸைத்தான் கவனிக்க வேண்டும்.

நிறம் போனதும் நீரை வெளியே திறந்துவிடுவதுதான் பெரிய தவறு. சாயம் உடைந்ததில் பிறக்கும் அரோமேட்டிக் அமீன்களில் (பென்சீன் வளையம் கொண்ட நைட்ரஜன் சேர்மங்கள்) சில நச்சு. காற்றுப் பட்டால் சில பழுப்பாகவும் மாறும். அதனால் இரண்டாம் தொட்டியில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் குறையாமல் காற்றடிக்க வேண்டும். முடிந்ததா என்பதைக் கண்ணால் அல்ல, சி.ஓ.டி. (நீரில் மிஞ்சிய மாசை ஆக்சிஜன் தேவையாகக் காட்டும் அளவு) பார்த்துத் தீர்மானியுங்கள்.

நீர் தொட்டிக்கு வருமுன் மெழுகை ஆறவிட்டு வழித்தெடுங்கள். சாயத்தைத் துணியில் நிலைக்கவைக்கும் சோடியம் சிலிகேட்டால் நீரின் பி.எச். (காரத்தன்மை) 11க்கு மேல் இருக்கும். அமிலத்தை ஒரேயடியாக ஊற்றினால் சிலிகா கூழாக உறைந்து பம்பை அடைக்கும். அமிலத்தை நீர்க்கவைத்து, கலக்கிக்கொண்டே பி.எச்.சை மெல்ல இறக்கி, படிந்ததை முன்தொட்டியிலேயே எடுத்துவிட வேண்டும். கந்தக அமிலம் மலிவு என்றாலும் அதன் சல்பேட்டால் மூடிய தொட்டியில் அழுகிய முட்டை வாடை எழும். அசிட்டிக் அமிலம் விலை கூடுதல். ஆனால் அதுவே பாக்டீரியாவுக்குத் தீனியும் ஆகிறது.

ஒரே ஒரு இனத்தை வாங்கி ஊற்றுவதைவிட, கழிவுநீர் நிலையச் சேற்றின் கலப்புக் கூட்டம் தாக்குப்பிடிக்கும். முதலில் பத்தில் ஒரு பங்கு சாயத் தண்ணீர் கொடுத்து, வாரக்கணக்கில் ஏற்றுங்கள். நம் ஊர் வெப்பம் இதற்குத் துணை. பிளீச்சிங் நீர் மட்டும் உள்ளே போகக்கூடாது. தீபாவளி, நோன்புப் பெருநாள் விடுமுறையிலும் கொஞ்சம் கஞ்சி ஊற்ற ஆள் வேண்டும்.

டர்க்காய்ஸ் நீலம் அதிகம் ஓடும் பட்டறைக்கு இந்தக் கணக்கு மாறும். அது தாமிரம் உள்ள தாலோசயனின் என்ற வேறு வகைச் சாயம். அசோ போல உடையாது. அந்த நீரை மட்டும் தனிப் பீப்பாயில் பிடித்து, படிகாரத்தில் சோதித்துப் பாருங்கள்.