கட்டுரையைப் பதிவுகளாகப் பிரித்துத் தரும் இணையச் சேவை: மூன்று மாதப் பயன்பாட்டுக்குப் பின்

பகலில் சிங்கப்பூரின் ஜூரோங்கில் ஒரு சரக்கு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு, இரவிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் தமிழில் எழுதுகிறேன். மாதம் இரண்டு கட்டுரைகள், ஒவ்வொன்றும் 900 சொற்கள். எழுதுவதைக் காட்டிலும், எழுதியதை ஃபேஸ்புக்குக்கு ஒரு விதமாகவும் இன்ஸ்டகிராமுக்கு வேறு விதமாகவும் எக்ஸ் தளத்துக்கு இன்னும் சுருக்கியும் மாற்றி எழுதுவதிலேயே ஞாயிறு முழுவதும் கரைந்துவிடும். ஆகவே, கட்டுரையைக் கொடுத்தால் தளத்துக்கு ஏற்றபடி பிரித்து, குறித்த நேரத்தில் வெளியிடவும் செய்யும் இணையச் சேவை ஒன்றுக்கு மாதம் 18 வெள்ளி சந்தா கட்டினேன். தமிழில் எழுதுபவர்கள் இவ்வகைச் சேவை எதை எடுத்தாலும் சோதித்துப் பார்க்க வேண்டியவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன் என்பதால் அதன் பெயரைக் குறிப்பிடவில்லை.

முதலில் நிறைவு தந்தவை. அதன் நாட்காட்டி அருமையானது. எந்தக் கட்டுரையின் எந்தப் பத்தி எந்தத் தளத்தில் எப்போது வந்தது என்பதை ஒரே திரையில் பார்க்கலாம். ஒரே பகுதியை இருமுறை போட்டுவிடும் அச்சம் இல்லை. சென்ற ஆண்டு தீபாவளிக்கு எழுதியதை இவ்வாண்டு வேறொரு பத்தியிலிருந்து தொடங்கி மீண்டும் கொண்டுவர முடிகிறது. காலை ரயிலில் படிப்பவர்களுக்காக எட்டு மணிக்குப் பதிவு போகும்படி முதல்நாள் இரவே வைத்துவிட்டுத் தூங்கலாம். பகுதிநேரமாக எழுதுபவருக்கு இது சிறிய உதவி இல்லை.

குறைகள் தமிழ் எழுத்தில் தொடங்குகின்றன. எக்ஸ் தளத்தின் இலவசக் கணக்கில் ஒரு பதிவுக்கு 280 குறியீடுகள்தான் இடம். அங்கே மெய்யின் புள்ளியும் கொம்பும் கொக்கியும் தனித்தனியாக எண்ணப்படுவதால், நமக்கு மூன்றெழுத்தான 'தமிழ்' அங்கே ஐந்து. ஆகவே 280 என்பது நமக்கு ஏறத்தாழ 25 முதல் 30 சொற்கள். இந்தச் சேவை அந்த எல்லை வந்ததும் சொல்லின் நடுவிலேயே வெட்டிவிடுகிறது. ஒருமுறை ஒரு பதிவு 'கட' என்று முடிய, அடுத்த பதிவு வெறும் புள்ளியில் தொடங்கியது. 'கட்டுரை' என்ற சொல் இரண்டாகப் பிளந்து, ஏறி உட்கார எழுத்தில்லாத அந்தப் புள்ளி ஒரு வெற்று வட்டத்தின் மேல் நின்றது. இன்ஸ்டகிராமுக்கான பட அட்டைகளில் வேறொரு கோளாறு: ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் வந்ததால், 'பெயர்' என்று நான் எழுதியது படத்தில் 'பயெர்' என்று தெரிந்தது.

இவை கண்ணுக்குத் தெரியும் பிழைகள். கவனமாகப் பார்த்தால் திருத்திவிடலாம். என்னை உண்மையில் வருத்தியது வேறு. லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா சந்தை பற்றிய கட்டுரையில், "தேக்கா என்ற பெயர் தேக்கு மரத்திலிருந்து வந்தது என்று சிறு வயதில் நான் நம்பியிருந்தது தவறு" என்று எழுதியிருந்தேன். மூங்கிலின் அடி என்று பொருள்படும் ஹொக்கியன் சொற்களிலிருந்து வந்த பெயர் அது. 1982இல் இன்றைய கட்டடம் அதன் மாண்டரின் உச்சரிப்பில் பெயர் சூட்டப்பட்டுத் திறக்கப்பட்டபோதும் மக்கள் விடாமல் தேக்கா என்றே அழைத்து, 2000ஆம் ஆண்டில் அந்தப் பெயரையே மீட்டார்கள் என்பதுதான் கட்டுரையின் உயிர். சேவையோ முதல் வாக்கியத்தைச் சுருக்கி, "தேக்கா என்ற பெயர் தேக்கு மரத்திலிருந்து வந்தது" என்று மட்டும் காலை எட்டு மணிக்கு ஃபேஸ்புக்கில் என் பெயரில் போட்டுவிட்டது. முதல்நாள் இரவு களைப்பில் நான் அதைச் சரிபார்க்கவில்லை. அங் மோ கியோவில் இருக்கும் பெரியப்பா மதியம் அழைத்து, "தம்பி, தேக்கு மரம் தேக்காவுல எங்கப்பா இருந்துச்சு?" என்று கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. அதற்குள் பலர் அதைப் பகிர்ந்துவிட்டார்கள்.

தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் நிற்கிறது. 'இல்லை', 'தவறு', 'அன்று' எல்லாம் அங்கேதான் வருகின்றன. வாக்கியத்தின் தலையை வைத்துக்கொண்டு வாலை வெட்டும் முறை ஆங்கிலத்தில் பெரும்பாலும் தப்பித்துவிடும், தமிழில் பொருளையே புரட்டிப்போடும். இன்ஸ்டகிராம் விளக்கக் குறிப்பில் 2,200 குறியீடுகள் வரை எழுத இடமிருந்தாலும், வாசகர் விரித்துப் பார்க்கும்வரை ஓரிரு வரிகளே தெரியும் என்பதால் அங்கேயும் இதே ஆபத்து உண்டு. இப்போது பகிரப்போகும் பத்திகளைக் கட்டுரை எழுதும்போதே முடிவு செய்து, அவற்றின் முதல் வாக்கியத்தை ஆறேழு சொற்களில் வினையோடு முடித்துவிடுகிறேன். தேக்கா கட்டுரையும் இப்போது "தேக்காவுக்கும் தேக்கு மரத்துக்கும் தொடர்பில்லை" என்றே தொடங்குகிறது.

மற்றவை சுருக்கமாக. லிங்க்ட்இன்னுக்கு 3,000 குறியீடுகள் வரை எழுதலாம் என்பதால் அதற்கான பதிவுகள் ஓரளவு முழுமையாகவே வந்தன. 2023 ஜூனில் கொலம்பியாவுடன் சிங்கப்பூரிலும் முதலில் அறிமுகமான வாட்ஸ்அப் சேனலுக்கு இந்தச் சேவை பதிவிடுவதில்லை. என் வாசகர்களில் மூத்தவர்கள் அங்கேதான் இருப்பதால் அதைக் கைப்படவே செய்கிறேன். பட அட்டையில் எழுதியவர் பெயர் தானாக வருவதில்லை. 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த சிங்கப்பூரின் பதிப்புரிமைச் சட்டம், படைப்பாளர் அடையாளம் காட்டப்படுவதை உரிமையாக்கியிருக்கும்போது இதை வாடிக்கையாளரே நினைவில் வைத்துச் சேர்க்க வேண்டியிருப்பது சரியில்லை.

சேவையின் உதவிப் பிரிவுக்கு ஆறு எடுத்துக்காட்டுகளுடன் எழுதினேன். இரண்டு வாரத்தில் கொம்புக் கோளாற்றைச் சரிசெய்துவிட்டார்கள். அதற்கு மனமார்ந்த நன்றி. வெட்டும் முறை இன்னும் மாறவில்லை. ஆகவே தானாகப் பிரிக்கும் வசதியை நிறுத்திவிட்டு, நாட்காட்டி மட்டும் உள்ள 7 வெள்ளித் திட்டத்துக்கு மாறிவிட்டேன். ஒரு கட்டுரையை நானே பிரித்து அடுக்க ஞாயிறு காலையில் ஒன்றரை மணி நேரம் ஆகிறது.