தையல் இடத்தில் சீழ் வடிந்தால் மருந்தை மாற்றும் முன் கல்ச்சர் ரிப்போர்ட்டைக் கேளுங்கள்

நாய் வளர்ப்பவர்கள் கவனத்துக்கு. ஆபரேஷன் செய்த புண் ஆறாமல் கசிந்துகொண்டே இருக்கிறது, டாக்டரோ ஆன்டிபயாட்டிக்கை மட்டும் மாற்றி மாற்றி எழுதுகிறார் என்றால் கல்ச்சர் டெஸ்ட் (புண்ணில் எடுத்த சாம்பிளில் உள்ள கிருமியை லேபில் வளர்த்து, அது எது, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்ப்பது) எடுத்தார்களா என்று கேளுங்கள். "எடுத்தாச்சு" என்று சொன்னால் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். நாங்கள் வாய்வார்த்தையை நம்பினோம், அவர்கள் ஏமாற்றிவிட்டார்கள்.

எங்கள் ஜூலிக்குப் பின்னங்காலில் முட்டித் தசைநார் அறுந்துபோனது. எலும்பை வெட்டித் திருப்பி, பிளேட்டும் ஸ்க்ரூவும் வைக்கும் ஆபரேஷன். பெரிய மருத்துவமனை, நல்ல பெயரும் உண்டு. ஆபரேஷனைக் குறை சொல்ல மாட்டேன். தையல் பிரித்த பிறகு அதே கோட்டில் சின்ன ஓட்டை விழுந்து நீர் கசிய ஆரம்பித்தது. முதலில் அமாக்சிசிலின்-கிளாவுலனேட் கொடுத்தார்கள். நிற்கவில்லை. அடுத்து செஃபலெக்சின். அப்புறம் என்ரோஃப்ளாக்சசின். மாத்திரை உள்ளே போகும்வரை காய்ந்த மாதிரி இருக்கும், நிறுத்தியதும் சீழ். புண்ணை நக்க விட்டிருப்பீர்கள் என்று பழியை எங்கள் மேல் போட்டார்கள். கழுத்தில் கூம்பு மாட்டியபடிதான் அவளை ஒவ்வொரு முறையும் கொண்டுபோனோம், அது அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது.

கல்ச்சர் பற்றிக் கேட்டபோது "சாம்பிள் அனுப்பியிருக்கிறோம், ரிசல்ட் வரவில்லை" என்றார்கள். அடுத்த முறையும் அதே பதில். சாதாரண பாக்டீரியா கல்ச்சருக்குச் சில நாட்கள் போதும், வாரக்கணக்கில் இழுக்காது. பில்லில் அதற்கான கட்டணம் இருந்தது. வேறு டாக்டரிடம் போவதற்காக முழு ஃபைலையும் கேட்டு வாங்கியபோதுதான் தெரிந்தது: எந்த லேபுக்கும் எதுவும் போகவில்லை.

இரண்டாவது டாக்டர் முதல் நாளே மாத்திரையை நிறுத்தினார். மருந்து உடம்பில் இருக்கும்போது எடுத்தால் கிருமி இருந்தும் வளராமல் போகலாம் என்பதால் சிறிது இடைவெளி விட்டு, தோலின் மேல் வடிந்ததை விட்டுவிட்டு உள்ளிருந்து சாம்பிள் எடுத்தார். வந்த பெயர் எம்.ஆர்.எஸ்.பி., அதாவது பென்சிலின் வகை மருந்தான மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டெஃபிலோகாக்கஸ் சூடின்டர்மீடியஸ் என்ற பாக்டீரியா. (2005-இல்தான் இதைத் தனி இனமாகப் பிரித்தார்கள். பழைய ரிப்போர்ட்டுகளில் இன்டர்மீடியஸ் என்று இருந்தால் குழம்ப வேண்டாம்.)

இந்த இனம் ஆரோக்கியமான நாய்களின் தோலிலும் மூக்கிலும் வாயிலும் சாதாரணமாக இருப்பதுதான். இந்த அடங்காத ரகத்தில் மெக்-ஏ என்ற மரபணு இருக்கிறது. பாக்டீரியா தன் சுவரைக் கட்டப் பயன்படுத்தும் புரதம் ஒன்றில்தான் பென்சிலின் வகை மருந்துகள் போய் ஒட்டும். மெக்-ஏ அவை ஒட்டாத வேறு புரதத்தை உண்டாக்கிவிடுகிறது. அமாக்சிசிலினும் செஃபலெக்சினும் அதே குடும்பம். அதனால் அமாக்சிசிலின் கேட்காதபோது செஃபலெக்சினுக்கு மாறியது, பூட்டை மாற்றிவிட்ட வீட்டுக்குப் பழைய சாவியை நகல் எடுத்துக்கொண்டு போனது போலத்தான். என்ரோஃப்ளாக்சசினும் எங்கள் ரிப்போர்ட்டில் 'ஆர்' என்றே வந்தது, கேட்காது என்று அர்த்தம். அதற்குள் அந்த மாத்திரைகள் சாதுவான பாக்டீரியாக்களை அழித்து, அடங்காதவற்றுக்கு இடம் விட்டிருக்கும்.

மிச்சம் இருக்கும் மருந்துகள் லேசுப்பட்டவை இல்லை. அமிகாசின் ஊசி சிறுநீரகத்தைப் பாதிக்கும். ரிஃபாம்பிசின் கல்லீரலைப் பாதிக்கும். குளோராம்ஃபெனிகால் கொடுக்கும்போது நாம் கையுறை போட வேண்டும், ஏனென்றால் அரிதாக மனிதர்களின் எலும்பு மஜ்ஜையையே அது செயலிழக்க வைக்கும். அதைவிடப் பெரிய சிக்கல் பிளேட். உலோகத்தின் மேல் பாக்டீரியாக்கள் படலம் கட்டிக்கொண்டால் ஆன்டிபயாட்டிக்கால் அதை முழுக்க அழிப்பது கடினம். எலும்பு சேர்ந்த பிறகு பிளேட்டைக் கழற்றினோம், புண் ஆறியது. முதல் கசிவிலேயே டெஸ்ட் எடுத்திருந்தால் இந்த மாத்திரைகளில் பாதியாவது மிச்சமாகியிருக்கும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆபரேஷனுக்குப் பின் தொற்று வருவது எந்த நல்ல மருத்துவமனையிலும் நடக்கும். இந்தக் கிருமி அங்கேதான் ஒட்டியதா, ஜூலி முன்பே சுமந்துகொண்டிருந்தாளா என்று நிரூபிக்க என்னால் முடியாது. ஆனால் ஒரு நாய்க்குக் கட்டு மாற்றிய அதே கையோடு அடுத்த நாயைத் தொட்டதையும், மேஜையைத் துடைக்காமலே இன்னொன்றை ஏற்றியதையும் கண்ணால் பார்த்தேன். பல நாய்கள் ஆன்டிபயாட்டிக்கில் இருக்கும் இடத்தில் கையும் மேஜையும் முடி வெட்டும் கருவியும்தான் கிருமிக்கு வாகனம். இந்த ஒரு கிருமியோடும் விஷயம் முடியவில்லை. மனிதர்களுக்குக் கடைசியாக எடுக்கும் கார்பாபெனெம் மருந்துக்கே அடங்காத ஈ. கோலி என்ற குடல் பாக்டீரியா நாய்களிடமும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது.

எம்.ஆர்.எஸ்.பி. மனிதர்களுக்குத் தொற்றுவது அரிது, வீட்டில் பயந்து நாயை ஒதுக்க வேண்டாம். கட்டு மாற்றியதும் சோப்பால் கை கழுவுங்கள், உங்கள் வெட்டுக்காயத்தை நக்க விடாதீர்கள். புண் ஆறிய பிறகும் நாய் மாதக்கணக்கில் இதைச் சுமக்கலாம். அதனால் ஜூலியை எங்கே கொண்டுபோனாலும் முன்கூட்டியே போன் செய்து சொல்லிவிடுகிறோம். மற்ற நாய்களோடு உட்கார வைக்காமல் நேராக உள்ளே அழைத்துக்கொள்கிறார்கள்.

மருத்துவமனையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. செய்யாத டெஸ்டுக்குப் பணம் வாங்கியது பற்றி எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்கிறார்கள், சாம்பிள் ஏன் போகவில்லை என்பதற்கு மட்டும் பதில் இல்லை.