குடலுக்கு எது முதலில்: மாத்திரையா, பழைய சோறா, சுண்டலா?

மருந்துக்கடைகளில் இப்போது புரோபயாட்டிக், அதாவது உயிருள்ள நல்ல பாக்டீரியா அடங்கிய காப்ஸ்யூல்களுக்கென்றே ஒரு வரிசை இருக்கிறது. பழைய சோற்றின் பெருமை பேசும் வீடியோக்கள் தினமும் வாட்ஸ்அப்பில் வருகின்றன. "நார்ச்சத்து நிறைய சாப்பிடுங்க" என்று டாக்டர் சொல்வதும் இருக்கிறது, அதைத்தான் பலரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. மூன்றும் குடல் பாக்டீரியாவின் பெயரைச் சொல்லித்தான் வருகின்றன, ஆனால் ஒவ்வொன்றும் செய்கிற வேலை வேறு. நம் காசும் அக்கறையும் முதலில் நார்ச்சத்துக்குப் போக வேண்டும், அடுத்து புளித்த உணவுக்கு, காப்ஸ்யூலுக்குக் கடைசியில்தான் என்பது என் முடிவு. இந்த வரிசை எல்லா இடத்திலும் பொருந்தாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

காப்ஸ்யூலை முதலில் பார்த்துவிடலாம். அட்டையில் பாக்டீரியாவின் பெயரும், எத்தனை கோடி என்ற எண்ணிக்கையும் இருக்கும். யாகுல்ட் என்ற புரோபயாட்டிக் பானத்தின் 65 மில்லி குப்பியில் 650 கோடி. கேட்க மலைப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் மனித உடலில் இருக்கும் பாக்டீரியா சுமார் 38 லட்சம் கோடி என்று 2016இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவன ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். பெரும்பகுதி பெருங்குடலில் இருக்கிறது. 650 கோடி என்பது அதில் ஏறத்தாழ ஆறாயிரத்தில் ஒரு பங்கு. எண்ணிக்கை மட்டுமே எதையும் தீர்மானிக்காது, சரி. உள்ளே போனவை அங்கே தங்குமா என்பது அதைவிட முக்கியமான கேள்வி.

அதே நிறுவனத்தைச் சேர்ந்த இன்னொரு குழு 2018இல் இதைத்தான் சோதித்தது. சிலருடைய குடலில் புதிய பாக்டீரியாக்கள் ஒட்டிக்கொண்டன. மற்றவர்களிடம், ஏற்கெனவே குடியிருந்தவை அவற்றை வெளியே தள்ளிவிட்டன. ஆன்டிபயாட்டிக் எடுத்த 21 பேரிடம் செய்த சோதனையின் முடிவு இன்னும் யோசிக்க வைக்கிறது. புரோபயாட்டிக் எடுத்தவர்களுக்கு, எதுவும் எடுக்காதவர்களைவிடத் தாமதமாகத்தான் பழைய பாக்டீரியாக் கூட்டம் திரும்பியது. சின்ன ஆய்வுதான், இதை வைத்து ஒரேயடியாக முடிவு கட்ட முடியாது. ஆனாலும் 'ஆன்டிபயாட்டிக் போட்டால் கூடவே ஒரு புரோபயாட்டிக்' என்று நாமாகவே வாங்கி விழுங்குவதை அது கேள்விக்குள்ளாக்குகிறது. அமெரிக்க இரைப்பைக் குடல் மருத்துவச் சங்கமும் 2020இல் பெரும்பாலான செரிமானக் கோளாறுகளுக்குப் புரோபயாட்டிக்கைப் பரிந்துரைக்கவில்லை. குறைமாதக் குழந்தைகளின் குடலைத் தாக்கும் ஒரு கொடிய நோயைத் தடுப்பது போன்ற சில குறிப்பிட்ட நிலைகளுக்குத்தான் ஆதாரம் இருக்கிறது என்றது. டாக்டர் காரணம் சொல்லி எழுதிக்கொடுத்தால் தயங்காமல் எடுங்கள். சும்மா இருக்கட்டும் என்று மாதாமாதம் வாங்குவதற்கு ஆதாரம் போதாது.

அடுத்து புளித்த உணவு. இதற்கு வலுவான சான்று அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலிருந்து 2021இல் வந்தது. ஆரோக்கியமான 36 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு நார்ச்சத்து மிகுந்த உணவும், இன்னொரு பிரிவுக்குத் தயிர், கெஃபிர் (புளிக்கவைத்த பால்), கிம்ச்சி (கொரியாவின் புளித்த காய்கறி) போன்ற புளித்த உணவுகளும் 10 வாரம் கொடுத்தார்கள். புளித்த உணவுப் பிரிவில் குடல் பாக்டீரியாவின் வகைகள் கூடின. அழற்சியோடு தொடர்புடைய 19 புரதங்களின் அளவு இரத்தத்தில் குறைந்தது. நார்ச்சத்துப் பிரிவில் பாக்டீரியா வகைகள் கூடவில்லை. பிறகு எப்படி நார்ச்சத்துக்கு முதலிடம் என்று கேட்பீர்கள். அதற்கு வருகிறேன்.

அதற்கு முன், நம் சமையலறையில் எதெல்லாம் உண்மையில் உயிருள்ள புளித்த உணவு? இட்லி மாவு நன்றாகப் புளிக்கிறது, லூகோனாஸ்டாக் என்ற பாக்டீரியாதான் அதைப் பொங்க வைக்கிறது. ஆனால் ஆவியில் வெந்ததும் அவை செத்துவிடுகின்றன. இட்லி எளிதாகச் செரிக்கும் நல்ல உணவுதான், உயிருள்ள பாக்டீரியா மட்டும் அதில் கிடைக்காது. தோசையும் அப்படியே. கொதிக்கவிட்ட மோர்க்குழம்பிலும் கிடைக்காது. வீட்டில் உறை ஊற்றிய தயிர், மோர், பழைய சோறு, இவைதான் மிச்சம். தயிர் சாதம் பிசையும்போது சோறு ஆறிய பிறகு தயிரைச் சேர்த்தால் நல்லது.

பழைய சோற்றில் இரண்டு லாபம். இரவு தண்ணீர் ஊற்றி வைத்த சோற்றைக் காலையில் திறந்தால் நீராகாரம் லேசாகப் புளித்திருக்கும், அது லாக்டிக் அமில பாக்டீரியாவின் வேலை. இன்னொன்று, ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி இறுகி, சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடல்வரை போகிறது. அங்கே அது நார்ச்சத்து போலவே பாக்டீரியாவுக்கு உணவாகிறது. இந்தோனேசியாவில் 2015இல் வந்த ஆய்வு ஒன்றில், சுடுசோற்றில் இந்த வகை மாவுச்சத்து 100 கிராமுக்கு 0.64 கிராம் இருந்தது, பத்து மணி நேரம் ஆறிய சோற்றில் 1.30 கிராம். இரு மடங்கு என்பது உண்மை, ஆனால் கூடியது ஒரு கிராம்கூட இல்லை. பழைய சோற்றை மட்டும் நம்பிக் குடலைக் காப்பாற்ற முடியாது. கூடவே கடித்துக்கொள்கிற சின்ன வெங்காயத்துக்கும் இதில் பங்கு உண்டு, குடல் பாக்டீரியா விரும்பும் ஒரு வகை நார்ச்சத்து அதில் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. சோற்றைச் சூட்டோடு மணிக்கணக்கில் மூடி வைத்தால் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா பெருகும், அது உண்டாக்கும் ஒரு வகை நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. சோற்றைச் சீக்கிரம் ஆறவைத்து, முழுக்க மூழ்கும்படி சுத்தமான தண்ணீர் ஊற்றி, காலையிலேயே சாப்பிட்டுவிட வேண்டும். சித்திரை வெயிலில் மதியம்வரை விட்டு வைக்காதீர்கள். பிசுபிசுத்தாலோ துர்நாற்றம் வந்தாலோ கொட்டிவிடுங்கள். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு இது வேண்டாம்.

இப்போது நார்ச்சத்து. நாம் செரிக்க முடியாத இந்தப் பொருளைப் பெருங்குடல் பாக்டீரியா புளிக்கவைத்து, பியூட்டிரேட் போன்ற கொழுப்பு அமிலங்களாக மாற்றுகிறது. பெருங்குடலின் உட்சுவர்ச் செல்கள் தங்களுக்கு வேண்டிய ஆற்றலில் சுமார் 70 சதவீதத்தைப் பியூட்டிரேட்டிலிருந்துதான் எடுக்கின்றன. நார்ச்சத்தே கொடுக்காத எலிகளில், பட்டினி கிடந்த பாக்டீரியாக்கள் குடல்சுவரைக் காக்கும் சளிப்படலத்தையே அரித்துத் தின்றதை 2016இல் ஒரு ஆய்வு காட்டியது. காப்ஸ்யூலும் தயிரும் வெளியிலிருந்து விருந்தாளிகளை அனுப்புகின்றன, நார்ச்சத்து வீட்டிலிருப்பவர்களுக்குச் சோறு போடுகிறது.

2015இல் நடந்த உணவு மாற்றுச் சோதனைதான் என்னை அதிகம் நம்பவைத்தது. அமெரிக்காவில் 20 ஆப்பிரிக்க அமெரிக்கர்களும் தென்னாப்பிரிக்கக் கிராமப்புறத்தில் 20 பேரும் இரண்டு வாரம் சாப்பாட்டை மாற்றிக்கொண்டார்கள். அமெரிக்கர்களின் நார்ச்சத்து நாளுக்கு 14 கிராமிலிருந்து 55 ஆனது, ஆப்பிரிக்கர்களுடையது 66இலிருந்து 12க்கு இறங்கியது. கொழுப்பின் அளவும் அதற்கு எதிர்த்திசையில் மாறியது. அமெரிக்கர்களின் குடலில் பியூட்டிரேட் கூடி, அழற்சி தணிந்தது. ஆப்பிரிக்கர்களிடம் எல்லாம் தலைகீழ். குடல் புற்றுநோய் அபாயத்தைக் காட்டும் அறிகுறிகள் இரண்டே வாரத்தில் இந்த அளவுக்கு நகர்ந்தன.

அப்படியானால் ஸ்டான்ஃபோர்டு முடிவு? பத்து வாரம் போதவில்லை என்பது ஒரு விளக்கம். நார்ச்சத்தை உடைக்கும் பாக்டீரியாக்களே அந்த அமெரிக்கக் குடல்களில் குறைந்துபோயிருக்கலாம் என்பது இன்னொன்று. நான்கு தலைமுறை நார்ச்சத்து குறைந்த உணவில் வளர்ந்த எலிகள் பல பாக்டீரியா வகைகளை இழந்தன, பிறகு நார்ச்சத்து கொடுத்தும் அவை திரும்பவில்லை. தீட்டிய அரிசியை மலையாகக் குவித்து, காயை ஓரத்தில் வைக்கிற நம் தட்டைப் பார்த்தால் எனக்குக் கவலை வருவது இதனால்தான்.

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி, சமைக்காத 100 கிராம் தீட்டிய அரிசியில் நார்ச்சத்து 2.8 கிராம். கேழ்வரகில் 11.2, கம்பில் 11.5. முழுக் கொண்டைக்கடலையில் 25 கிராம், அதுவே தோல் நீக்கிய கடலைப்பருப்பில் 15. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது நாளுக்குக் குறைந்தது 25 கிராம். மாலையில் ஒரு கிண்ணம் சுண்டல் இதில் எவ்வளவு பெரிய பங்கைச் செய்துவிடுகிறது பாருங்கள். காப்ஸ்யூல் அட்டையின் விலைக்குக் கொண்டைக்கடலை எத்தனை நாள் வரும் என்பதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

புளிப்பும் நார்ச்சத்தும் ஒரே பாத்திரத்தில் வேண்டுமென்றால் கூழ் இருக்கிறது. கேழ்வரகு மாவை இரவு கரைத்துப் புளிக்கவிட்டு, மறுநாள் நொய்யோடு காய்ச்சி, ஆறியதும் மோர் விட்டுக் கரைப்பார்கள். காய்ச்சும்போது போன உயிர், மோரில் திரும்பி வருகிறது. நார்ச்சத்து மாவிலேயே இருக்கிறது. மூன்றில் எது என்று தேர்ந்தெடுக்கவே தேவையில்லாத உணவு என்றால் என் கணக்கில் இதுதான்.

ஒரே ஒரு சாராரிடம் என் வரிசை தடுமாறும். குடல் எரிச்சல் நோய் உள்ளவர்களுக்குக் கொண்டைக்கடலையும் வெங்காயமும் வாயுவையும் வலியையும் கூட்டலாம். அவர்கள் ஒத்துக்கொள்கிற காயிலும் ஓட்ஸிலும் தொடங்கி, டாக்டரிடமோ உணவியல் நிபுணரிடமோ கேட்டுக்கொண்டு பயறு பக்கம் போகலாம். மற்றவர்களும் ஒரே நாளில் அளவை ஏற்ற வேண்டாம். முதல் வாரம் கால் கிண்ணம் சுண்டல், கூடுதலாகத் தண்ணீர், வயிறு உப்பாமல் இருந்தால் அடுத்த வாரம் அரைக் கிண்ணம்.