72 ஜெயிச்ச புல்ஸா, 73 ஜெயிச்ச வாரியர்ஸா?

அமெரிக்காவோட பாஸ்கெட்பால் லீக்கான என்பிஏல, பிளேஆஃப்ங்கற கடைசி சுற்றுகளுக்கு முன்னாடி நடக்கற ரெகுலர் சீசன்ல ஒரு டீமுக்கு 82 மேட்ச். 1995-96ல சிகாகோ புல்ஸ் 72 ஜெயிச்சாங்க, 2015-16ல கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் 73 ஜெயிச்சு அந்த ரெக்கார்டை உடைச்சாங்க. ரெண்டுல எது பெரிய டீம்னு கேட்டா, என் ஓட்டு புல்ஸுக்குத்தான்.

ஆனா பாக்கறதுக்கு அழகு வாரியர்ஸ், அதுல சந்தேகமே இல்ல. முதல் 24 மேட்ச்ல ஒண்ணு கூட தோக்கல, அவங்க ஸ்டார் ஸ்டெஃப் கரி மட்டுமே அந்த சீசன்ல 402 த்ரீ (தூரத்துல இருந்து போடற மூணு பாயிண்ட் ஷாட்) போட்டார், அதுக்கு முந்தின ரெக்கார்டு 286, அதுவும் அவரோடதேதான். ஓக்லஹோமா மேட்ச் ஓவர்டைம்ல ஸ்கோர் சமமா நிக்குது, டைம் அவுட் கூட கேக்கல, பாலை தட்டிக்கிட்டே வந்து ஹாஃப் கோர்ட்டை (மைதானத்தோட நடுக்கோட்டை) தாண்டினதும் அங்கிருந்தே எறிஞ்சார் பாருங்க, நேரா உள்ள! இன்னிக்குப் பாத்தாலும் புல்லரிக்குது.

புல்ஸ் பலம் டிஃபன்ஸ். ஜோர்டன், பிப்பன், ராட்மேன் மூணு பேருமே அந்த வருஷ ஆல்-டிஃபன்சிவ் முதல் டீம்ல, அதாவது லீக்கோட சிறந்த அஞ்சு டிஃபன்ஸ் ஆட்டக்காரங்க பட்டியல்ல இருந்தாங்க, எதிரணி எங்கதான் ஷாட் தேடும்? டொராண்டோ, வான்கூவர்னு ரெண்டு புது டீம் வந்ததால லீக் வீக்கா இருந்துச்சுன்னு சிலர் சொல்வாங்க, ஆனா புல்ஸ் தோத்த பத்துல ஒண்ணு அந்த டொராண்டோகிட்டதான்.

பிளேஆஃப்லதான் வித்தியாசமே. புல்ஸ் 15 ஜெயிச்சு 3 மட்டும் தோத்தாங்க, முதல்ல நாலு ஜெயிக்கறவங்களுக்கு கப்ங்கற ஃபைனல்ஸ்ல சியாட்டிலை 4-2ன்னு முடிச்சு கப் தூக்கிட்டாங்க. வாரியர்ஸ் அவங்க ஃபைனல்ஸ்ல கிளீவ்லேண்டுக்கு எதிரா 3-1 லீடுல இருந்து வரிசையா மூணு தோத்தாங்க, கப் இல்லாத 73 எனக்கு ஒரு படி கீழதான்.