பலூனா, குழாயா, கட்டையா? மேசை மேல வைக்கிற மூலிகை வேப்பரைசர்ல எது யாருக்கு

வீட்டுல மேசை மேல வச்சு யூஸ் பண்ற மூலிகை வேப்பரைசர், அதாவது மூலிகைய எரிக்காம சூடாக்கி ஆவிய மட்டும் இழுக்க வைக்கற மெஷின், வாங்கணும்னு தேட ஆரம்பிச்சா எல்லாரும் மொதல்ல டெம்பரேச்சர் பத்திதான் பேசறாங்க, டிஸ்ப்ளே இருக்கா, ஆப் இருக்கா, எத்தன டிகிரி வரைக்கும் போகும்னு. என்னக் கேட்டா அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். சூடான காத்த மூலிகைக்குள்ள தள்றது மெஷினா, இல்ல உங்க நுரையீரலா? இது தெரிஞ்சா பாதி முடிவு அங்கயே ஆயிடும், ஏன்னா விலை, சத்தம், சுத்தம் பண்ற வேலை, வாசனை எப்படி வரும்ங்கறது எல்லாமே இதுலருந்துதான் கிளம்புது.

மெஷின் தள்ற வகைன்னா பலூன் வேப்பரைசர். இதுல வோல்கனோதான் பெரிய பேரு, ஜெர்மனியில டூட்லிங்கன் ஊர்ல இருக்கற ஸ்டோர்ஸ் அண்ட் பிக்கல் கம்பெனி 2000-ல கொண்டு வந்தது. உள்ள ஒரு ஏர் பம்ப், கனமான ஒரு அலுமினியம் ஹீட்டர், மேல மூலிகை போடற சேம்பர், அதுக்கு மேல வால்வோட பலூன், அவ்ளோதான் மொத்த விஷயமும். பம்ப் ஒரே சீரா காத்த தள்றதால நீங்க எப்படி மூச்சு இழுத்தாலும் மூலிகைக்குப் போற சூடு மாறாது, அதான் இதோட பெரிய பலம். நுரையீரல் பலமில்லாதவங்க, மெதுவா கொஞ்சம் கொஞ்சமா இழுக்க நினைக்கறவங்க, நாலு பேரு உக்காந்து ஷேர் பண்றவங்க, இவங்களுக்கெல்லாம் வேற எதையும் நான் மொதல்ல சொல்ல மாட்டேன். பலூன்ல நிக்கற நேரத்துல ஆவி ஆறிடும், தொண்டைல காட்டம் தெரியாது. ஆனா ரொம்ப நேரம் அப்படியே விட்டுடக் கூடாது, பத்து நிமிஷம் தாண்டுனா ஆவி பலூன் சுவத்துல படிய ஆரம்பிச்சு வாசனை மட்டமாயிடும். பலூன் பழசாச்சுன்னா மாத்தணும், அது தொடர் செலவு. அப்பறம் பம்ப் ஓடற சத்தம், அமைதியா இருக்கற ரூம்ல அது நல்லாவே கேக்கும்.

அதே வோல்கனோல கிளாசிக், ஹைப்ரிட்னு ரெண்டு மாடல், ரெண்டுக்கும் நிறைய வித்தியாசம். கிளாசிக்ல 1லருந்து 9 வரைக்கும் ஒரு டயல், 130லருந்து 230 டிகிரி செல்சியஸ் வரைக்கும், சூடேற சில நிமிஷம் ஆகும். 2019-ல வந்த ஹைப்ரிட்ல டிஜிட்டல் டிஸ்ப்ளே, சூடேற முக்கால் நிமிஷம்கூட ஆகாது, பலூனோட சேத்து குழாயும் மாட்டிக்கலாம். ஆனா எலக்ட்ரானிக்ஸ் கம்மியா இருக்கற பொருள்தான் வருஷக்கணக்கா ஓடும்ங்கறது என் கட்சி, அதனால நான் இன்னும் கிளாசிக் பக்கம்தான்.

அடுத்தது நீங்களே இழுக்கற வகை, விப் (whip)னு சொல்வாங்க. ஒரு செராமிக் ஹீட்டர், அதச் சுத்தி கண்ணாடி, அதுல பொருந்தற மாதிரி ஒரு வாண்ட், அதாவது உள்ள வலை வச்சு மூலிகைய அடைக்கற கண்ணாடிக் குழல், அதுலருந்து வாய் வரைக்கும் சிலிகான் குழாய். பம்ப் கிடையாது, சத்தம் கிடையாது, கெட்டுப்போக ரொம்ப ஒண்ணும் கிடையாது, விலையும் பலூன விட ரொம்பக் கம்மி. ஆனா இங்க உங்க மூச்சுதான் ரெகுலேட்டர். மெதுவா இழுத்தா காத்து ஹீட்டர் பக்கத்துல அதிக நேரம் நிக்குது, அதனால சூடா வருது, வேகமா இழுத்தா சூடேறவே நேரம் இல்லாம ஆறலா வருது. ஒரே டயல் நம்பர்ல ரெண்டு பேருக்கு ரெண்டு ருசி கிடைக்கறதுக்குக் காரணம் இதுதான், மெஷின்ல கோளாறு இல்ல. நடுவுல வாண்ட கழட்டி மூலிகைய ஒரு தடவ கிளறிப் பாருங்க, ஹீட்டர் பக்கம் இருந்தது பழுப்பாவும் வலை பக்கம் இருந்தது இன்னும் பச்சையாவும் இருக்கும், கிளறாம விட்டா பாதி மூலிகை வேஸ்ட்தான். அந்தக் குழாய் உள்பக்கம் நாளாக நாளாக மஞ்சளா ஒரு பிசின் படியும், அத ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால்ல கழுவி, வாசனை போற வரைக்கும் காய விடணும், இந்த வேலை பிடிக்காதவங்க விப் பக்கமே வர வேண்டாம்.

ரெண்டும் வேணும்னு நினைக்கறவங்களுக்கு கனடா கம்பெனி அரைசரோட எக்ஸ்ட்ரீம் க்யூ மாதிரி இருக்கு, உள்ள ஃபேன், வெளிய குழாய் இல்லன்னா பலூன், கைல ரிமோட். காசுக்கு நல்ல பொருள்தான், ஆனா ஃபேன் பம்ப் அளவுக்குத் தள்ளாது, பலூன் நிறையறதுக்குள்ள பொறுமை போயிடும். குழாயோட யூஸ் பண்றவங்களுக்கு மட்டும் சொல்வேன்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது லாக் (log) வேப்பரைசர், பேருக்கேத்த மாதிரி ஒரு சின்ன மரக்கட்டை, நடுவுல ஹீட்டர், 12 வோல்ட் அடாப்டர், பட்டனே இல்லாத மாடல்கூட இருக்கு. காலைல போட்டா நாள் பூரா ஓடிக்கிட்டே இருக்கும், கரண்ட் ரொம்பக் கம்மி. ஸ்டெம்ல, அதாவது வாய் வச்சு இழுக்கற சின்னக் குழல்ல, ஒரு சிட்டிகை மூலிகைய அடைச்சு சொருகுனா கொஞ்ச நேரத்துல ரெடி, காத்திருக்க வேண்டியதே இல்ல, சிட்டிகைங்கறதால வேஸ்ட்டும் இல்ல. தனி ஆளுக்கு இதவிட நிம்மதியான மெஷின் கிடையாது. கூட்டத்துக்கு ஒத்து வராது, ஒவ்வொருத்தருக்கா அடைச்சுக் குடுத்துக்கிட்டு இருக்கணும்.

இப்ப எல்லாரும் பேசற பால் (ball, உருண்டை) வேப்பரைசர் வேற லெவல். உலோகக் கூட்டுக்குள்ள 3 மில்லிமீட்டர் ரூபி உருண்டைகள், சுத்தி சூடேத்தற கம்பிச்சுருள் (காயில்), பக்கத்துல ஒரு கன்ட்ரோலர் பெட்டி. உருண்டைங்க சூட்ட பிடிச்சு வச்சுக்கறதால எவ்வளவு வேகமா இழுத்தாலும் காத்து ஆறாது, ஒரே இழுப்புல மூலிகை முடிஞ்சிடும். இங்க ஒண்ணக் கவனிங்க, டிஸ்ப்ளேல தெரியறது காயிலோட சூடு, மூலிகைக்குப் போற காத்தோட சூடு இல்ல. அந்த நம்பர பலூன் மெஷின் நம்பரோட ஒப்பிட்டா குழப்பம்தான் வரும். உருண்டை இருக்கற அந்த மேல்தலை மூடி இல்லாம வெளியவே கொதிச்சுக்கிட்டு இருக்கும், சின்னப் பசங்க, பூனை இருக்கற வீட்டுக்கு வேண்டவே வேண்டாம்.

மூலிகையப் பொறுத்தும் தேர்வு மாறும். வோல்கனோ கையேட்டுப்படி லாவெண்டருக்கும் யூகலிப்டஸுக்கும் 130 டிகிரி போதும், தைம், சேஜ், கெமோமில் எல்லாம் 190 கேக்கும். லாவெண்டர் மட்டும்தான்னா சூட்ட கம்மியா நிதானமா பிடிக்கற பலூன் நல்லது, அத பால் வேப்பரைசர்ல போட்டா ருசி கருகித்தான் வரும். 230 தாண்டுனாலே எதுவா இருந்தாலும் கருக ஆரம்பிக்கும், அப்பறம் அது புகைதான், வேப்பரைசர் வாங்குன காரணமே போச்சு. புகை இல்லன்னா ஆபத்தே இல்லன்னும் நினைக்க வேண்டாம், ஆஸ்துமா இருக்கறவங்க டாக்டர்கிட்ட கேக்காம எதையும் இழுக்கக் கூடாது. அலங்காரத்துக்கு விக்கற காஞ்ச பூவ சேம்பர்ல போடாதீங்க, மருந்து அடிச்சிருப்பாங்க, சாப்பிடற தரத்துல இருக்கறதுதான் வேணும்.